மீன் குழம்பு பிடிஎஃப்

அப்பா தன் தேங்காய் மண்டிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழையது திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, காலேஜ் முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். அவள் நாள் முழுக்க அதில் சமையல் குறிப்புகளைத் தட்டிக்கொண்டிருப்பதாகத்தான் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கல்யாணத்துக்கு உதவும் என்று அம்மாவுக்கும் திருப்தி. வெள்ளிக்கிழமை நிலக்கோட்டையிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ'வில் 'டீடெயில்ஸ்' கொடுத்தால், ஃபைல்கள் வரிசையாக நின்று, எந்தத் தேதி, என்ன வகை, எத்தனை கேபி என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு டிக் போட்டால், பெயருக்குப் பின்னால் மறைந்திருக்கும் வாலும் வெளியே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், அத்தையின் சமையல் ஃபோல்டரில் இதைச் செய்து பார்த்தேன். ரசம், கூட்டு, பொரியல் எல்லாவற்றுக்கும் ஒரே வால், டாக்எக்ஸ். மீன் குழம்புக்கு மட்டும் பிடிஎஃப். மற்றவை இருபது கேபியைத் தாண்டவில்லை. மீன் குழம்பு நானூறு. வியாழக்கிழமை சேமித்தது. அப்படி என்னதான் மசாலா போட்டிருக்கிறாள் என்று திறந்தேன்.

உள்ளே ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அத்தையின் பெயர் இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, பதினைந்தாம் தேதி சேர வேண்டும். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்டுபிடித்த பெருமையில் நான் அதை உரக்க வாசித்தேன்.

தண்ணீர்ச் செம்போடு வந்த அத்தை நடுவழியில் நின்றுவிட்டாள். அப்பா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்ன தாயி இது?"

"வேலை கெடச்சிருக்குண்ணே. மூணு நாளா சொல்லணும்னுதான் இருக்கேன்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தவர், இன்னொரு தரம் மெதுவாக வாசிக்கச் சொன்னார். இந்த முறை தாழ்ந்த குரலில் வாசித்தேன். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை; எங்கே தங்குவாய் என்றுதான் கேட்டார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் இடம் கேட்டு வைத்திருப்பதாக அத்தை சொன்னாள். அவர் போனை எடுத்தார்.

"நிலக்கோட்டைக்காரவுகள வர வேணாம்னு சொல்லிடுறேன். நீ போயி வேலையப் பாரு. மத்ததப் பெறகு பேசிக்கலாம்."

அம்மா அத்தையை உட்கார வைத்து, தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து மீனை வைத்தாள்.

சாயங்காலம் அத்தையிடம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். இனி யாருடைய ஃபைலையும் திறக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். அவளுக்குத் துளியும் கோபமில்லை. "நீ வாசிச்சதே நல்லதாப் போச்சு" என்று என் தலையைக் கோதிவிட்டாள். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடியில் நின்று, போனில் முகம் தெரியாத அதிகாரிகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வேலை வாங்கியவளுக்கு, ஒரே வீட்டில் இருக்கும் அண்ணனிடம் தமிழில் ஒரு வரி சொல்ல ஏன் வாய் வரவில்லை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.