நாகையா தட்டிய x

நாகையாவுக்கு மவுஸ் என்றாலே வேப்பங்காய். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் முருகன் கோயிலின் மின்னஞ்சலையும் ஒரு பழைய கணினியில் அப்படித்தான் நடத்துகிறார். d தட்டினால் அஞ்சல்மேல் நீக்கக் குறி விழும். q தட்டி வெளியேறினால்தான் அது நிஜமாகவே ஒழியும். x தட்டி வெளியேறினால் குறியெல்லாம் கலைந்துவிடும், எதுவும் நீங்காது. "x தட்டுறவன் கோழை" என்று அவர் சொல்லிச் சொல்லிச் கோயில் செயலவைக்குக் காது புளித்துவிட்டது.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் தேர். ஊர்வல அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. மூன்று மணிக்கு அனுமதி அலுவலகத்திலிருந்து மலர்விழி கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்க மெயில் பெட்டி ஃபுல்லாயிருச்சு. லெட்டர் திரும்பி வந்துருச்சு. கிளியர் பண்ணுங்க, மறுபடி அனுப்புறேன். அஞ்சு மணிக்குக் கிளம்பிருவேன்."

பெட்டியை அடைத்திருந்தவை, கோயில் தலைவர் முத்துக்குமாரு பத்து வருஷமாக வேளை தவறாமல் அனுப்பிய சாமி படங்கள். பதினோராயிரம் இருக்கும். நாகையா d-யில் விரல் வைத்தாரோ இல்லையோ, செயலாளர் சீதாலெட்சுமி பதறிப்போனார்.

"ஐயோ அண்ணே, சாமி படத்தக் குப்பையில போடுவீங்களா? பழைய காலண்டரயே அரசமரத்தடியிலதான வைக்கிறோம்!"

"இது கம்ப்யூட்டர்லா, சீதா."

"உள்ள இருக்கிறது முருகன்தான?"

நாகையா எல்லாப் படங்களையும் பென்டிரைவில் ஏற்றினார். பூச்சுற்றி, அரசமரத்தடியில் காலண்டர்களோடு வைத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து d, பிறகு q. பெட்டி துடைத்துவிட்டதுபோல் ஆனது. மணி நாலரை. மலர்விழிக்குத் தகவலும் சொல்லியாயிற்று.

பத்து நிமிஷத்தில் 'டிங்'. கடிதமில்லை, முருகன். அடுத்து பிள்ளையார். பிறகு மூச்சுவிடாமல் டிங், டிங்.

மரத்தைச் சுற்ற வந்த முத்துக்குமாரு பென்டிரைவைப் பார்த்திருக்கிறார். எடுத்துப்போய்த் தம் புடவைக்கடைக் கணினியில் திறந்தால், தாம் அனுப்பிய அதே படங்கள்! சாமியே திருப்பித் தந்ததாக நெக்குருகி, கத்தை கத்தையாகக் கோயிலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். நாகையா கூப்பிடக் கூப்பிடப் போனைத்தான் எடுக்கவில்லை.

பெட்டி பாதி நிறைந்தது. நாகையாவுக்கு ரத்தம் கொதித்தது. இந்தத் தடவை சீதாலெட்சுமியைக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் d. விரல் q-வை நெருங்கும்போது போன் அடித்தது.

"அங்கிள், லெட்டர் அனுப்பி அஞ்சு நிமிஷமாச்சு. பாத்துக்குங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

கடிதமும் சாமிகளோடு சாமியாக நீக்கக் குறி வாங்கிக்கொண்டு உள்ளே இருந்தது. நாகையா கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக x தட்டினார்.

மறுநாள் தேர் ஓடியது. வடம் பிடித்தபடியே முத்துக்குமாரு கேட்டார்:

"படமெல்லாம் கெடச்சதா நாகையா?"

"ஒண்ணுகூட நீக்கல தலைவரே" என்றார் நாகையா. தம் கணினி வேலையைப் பற்றி அவர் பெருமையடிக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.