பிரிண்ட் வராத கடிதம்

சூளகிரியைத் தாண்டி இருந்த ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. எந்திரத்தை எப்படி இயக்குவது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் அவை கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எழுத்து, படம் எல்லாவற்றையும் உள்ளடக்கி ஒரே எக்ஸி கோப்பாக மாற்றினேன். சொடுக்கினால் திறந்துகொள்ளும், வேறு மென்பொருள் வேண்டியதில்லை. யாரும் அதில் திருத்த முடியாது, நகலெடுக்க முடியாது, அச்சிட முடியாது. இரண்டு பதிப்புகள் உலவக் கூடாதென்று மூலத்தை அழித்துவிடுவேன். அதற்காகப் பாராட்டும் வாங்கினேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. கை நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. கர்நாடகத்து மாலூரில் இருக்கும் தன் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். வதினா என்று நான் அழைக்கும் அந்த அக்கா, தாயார் இறந்த நாளிலிருந்து இவளோடு பேசுவதில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. படுக்கையில் விழுந்த தாயாரைக் கடைசிவரை தனியாகப் பார்த்துக்கொண்டது வதினாதான். கொஞ்ச நாள் ஓசூரில் எங்களோடு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டபோது எங்கள் வீட்டிலிருந்து போன பதில், முடியாது என்பது.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கும் தமிழும் கலந்தது. சகோதரிகள் இருவரும் பேரிகையில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், தெலுங்கைக்கூடத் தமிழ் எழுத்தில்தான் எழுதுவார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் அப்படியே தட்டினேன். ஓரிடத்தில் அவள், "அம்மாவ வெச்சிக்க எனக்குத்தான் மனசு வரல அக்கா, என்ன மன்னிச்சிடு" என்றாள்.

என் விரல் நின்றது. வீடு சிறியது, நோயாளியை எங்கே கிடத்துவது என்று அன்றைக்கு மறுத்தவன் நான்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? அடிங்க" என்றாள். அடித்தேன்.

கடிதம் முடிந்ததும் அதை எக்ஸியாக மாற்றினேன். மாலூர்க் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பழக்கப்படி பூட்டினேன், மூலத்தை அழித்தேன். மின்னஞ்சல் அந்தக் கோப்பை ஏற்கவில்லை. பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பினேன்.

என்னைப் பாபாயி, அதாவது சித்தப்பா என்று அழைக்கும் வதினாவின் மகன் போன் செய்தான். "பாபாயி, இன்னா அனுப்பியிருக்கீங்க? தொறந்தா வைரஸ்னு செவப்பா காட்டுது."

"நான் வைரஸ் அனுப்புவனாடா? ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுத் தொற."

"ஆபீஸ் லேப்டாப் பாபாயி. எனக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துருவீங்க போல" என்று சிரித்தான். "பேசாம பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பொடியன் எனக்குச் சொல்லித் தருவதா என்று போனை வைத்துவிட்டேன். மூலம் இல்லாவிட்டாலும் திரையைப் பார்த்து இன்னொரு முறை தட்டியிருக்கலாம். செய்யவில்லை. வீம்பு பாதி. அந்த ஒரு வரியை இரண்டாம் தடவை என் விரலால் அடிக்கப் பயந்தது மீதி.

"அக்கா படிச்சிருப்பாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"படிச்சிருப்பாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருநாள், "படிச்சும் பேசலன்னா அவ மனசு ஆறல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுபடி கேட்காமலே அவள் போய்விட்டாள்.

வதினா வந்தார். ஐஸ் பெட்டியின் கண்ணாடியைக் கையால் தட்டி, "ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பனேடி" என்று அழுதார். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவரைக் கணினி முன் உட்கார வைத்தேன். மகன் சொன்ன கோப்பை ஏதோ நிலத்துப் பேப்பர் என்று நினைத்து விட்டுவிட்டாராம். கண்ணாடி கொண்டு வரவில்லை, நீங்களே படியுங்கள் என்றார். படித்தேன். அந்த வரியையும் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"வதினா, இது பொய். வேணாம்னு சொன்னவன் நான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சாவப் போறப்பகூட உங்கள விட்டுக் குடுக்கல பாருங்க" என்றார். பிறகு, "போதும், மூடுங்க. நீங்க படிச்சா அவ பேசற மாதிரி இல்ல. பேப்பர்ல போட்டுக் குடுங்க, ஊட்டுக்குப் போயி நானே படிச்சிக்கறேன்."

"இதுல பிரிண்ட் வராது வதினா. நான்தான் பூட்டினேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். கூட வர வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இப்போது திரையைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வரியை அவள் சொன்னபடியே எழுதினேன், மாற்ற எனக்கு உரிமையில்லை. என் மேல் பழி வராமல் இருக்க அவள் சொன்ன பொய், என் கையெழுத்திலேயே மாலூருக்குப் போகப்போகிறது.