வண்டிக் குடத்துப் பூச்சாடி

எங்கள் கடைசல் பட்டறையில் உளி ஆண் கையில், வார் பெண் கையில். மரத்தைச் சுற்றிய தோல் வாரின் இரு முனையையும் பிடித்து நான் மாற்றி மாற்றி இழுப்பேன். மரம் சுழலும். என் வீட்டுக்காரர் உளியை வைத்துத் தொட்டில் கால், மத்து, பம்பரம் எல்லாம் கடைவார். பதினோரு வருஷம் இழுத்தேன். பேரெல்லாம் உளிக்குத்தான். வாரை யார் பார்த்தார்கள்?

யுத்த காலம் அது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. ஒரு நாள் அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரியின் பட்லர் எங்கள் ஊரான கோவில்பதாகைக்கு எங்களைத் தேடி வந்தார். துரைசானிக்கு மரத்தில் பூச்சாடி வேண்டுமாம். ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் பூவைத் தொடுத்துத் தலையில் வைப்போம், சாமிக்குப் போடுவோம். பூவைத் தண்ணீரில் நிற்க வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"இத்த இன்னாத்துக்குன்னு கேட்டுக்கினு செய்யேன் மாமா" என்றேன்.

"அதான் படம் கீதே" என்றார்.

படத்தில் இருந்தபடியே அச்சு அசலாகக் கடைந்தார், அரக்குப் பூசினார். உள்ளே குடையவில்லை. படத்தில் உள்பக்கம் தெரியவில்லையே. பங்களாவுக்கு அவர் கொண்டுபோய்க் கொடுத்ததும் துரைசானி பூவும் கையுமாக வந்து, துளையைத் தேடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து உளியைக் கூரையில் செருகினார்.

"நாளையிலேர்ந்து பட்டாளத்துல மூட்டை தூக்கப் போறேன்."

கடைசலுக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் போனால் பட்டறையும் போச்சு, என் பதினோரு வருஷமும் போச்சு.

கொல்லையில் முறிந்த வண்டிச் சக்கரம் ஒன்று கிடந்தது. அதன் நடுக்குடத்தில் அச்சுக்கான துளை முன்பே இருந்தது. குடைகிற வேலை மிச்சம். இரும்பு வளையங்களைக் கழற்றினேன். ஆரக்கால்களை உருவிவிட்டு, அவை செருகியிருந்த பொந்துகளை மஞ்சள் பலாக்கட்டையால் அடைத்தேன். துளையின் இரு முனையிலும் கட்டை அடித்து, பட்டறையில் மாட்டினேன்.

"வாரைப் புடி மாமா. உளிய நான் புடிக்கிறேன்."

"பொம்பள உளி தொட்டா ஊடு உருப்படுமா?"

"இப்ப மட்டும் இன்னா உருப்பட்டுகினு கீது?"

இழுத்தார். மரம் நம் பக்கம் சுழலும்போது உளி தொட வேண்டும், எதிர்ப்பக்கம் போகும்போது விலக வேண்டும். அந்தத் தாளம் என் தோளில் ஊறியது. இரண்டு முறை உளி தெறித்தது, பிறகு சீவல் சுருள் சுருளாக வந்தது. "மெதுவா இழு" என்று அதட்டினேன். பதினோரு வருஷமாக நான் வாங்கிய அதட்டல். சொல்லும்போது எப்படி இனித்தது தெரியுமா.

மேல்கட்டையைத் தட்டி எடுத்துவிட்டு, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி உள்ளே பூசினேன். தண்ணீர் ஊற்றிச் சாம்பல் மேல் இரண்டு நாள் வைத்தேன். சாம்பல் நனையவில்லை. கரிய மரத்தைச் சுற்றி மஞ்சள் கட்டங்கள் பளிச்சென்று இருந்தன.

இந்த முறை நானும் போனேன். துரைசானி தண்ணீர் ஊற்றி ரோஜாக்களை வைத்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. இதைப் போல இன்னும் ஆறு வேண்டும், செய்தது யார் என்று பட்லர் மூலம் கேட்டாள். பட்லர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"இவதான் உளி புடிச்சா. நான் வார் இழுத்தேன்."

பட்லர் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பங்களா வாசலில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.