வாசலோரக் குட்டிச் சீற்

சுவிஸ் மலைப்பாதையின் ஒரு வளைவில், நாற்பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு கோச் பஸ்ஸை நடுவிலே நிறுத்திவிட்டேன். என் பொறாமையால் வந்த வினை. பிள்ளைகளே, அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறைகளில் லண்டன் கிங்ஸ்பரியிலிருந்து எங்கள் சனங்களை ஏற்றிக்கொண்டு சுவிஸ் போவோம். கோச்சுக்கு இரண்டு சாரதிகள், நானும் ஜெயம் அண்ணையும். நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் ஓய்வு எடுக்கவேண்டும். மீறினால், ஓடிய நேரத்தைப் பதியும் டாக்கோ மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். பிரான்சின் நேர்ரோடும் ஏரிக்கரையும் எனக்கு. மலையும் பனிப்பாறையும் ஜெயம் அண்ணைக்கு. முதலாளி போட்ட ஒழுங்கு.

நேர்ரோட்டில் சனம் நித்திரை. மலையில் கைதட்டல். உச்சியில் எல்லாரும் ஜெயம் அண்ணையோடு நின்று படம் எடுப்பார்கள். ஓர் அம்மா கடைசிப் பயற்றம் பணியாரம் இரண்டையும் அவருக்கே கொடுத்தார். எனக்கு வயிறு எரியும். அவர் மலை ஏறும்போதெல்லாம் நான் பின் சீற்றில் ஜாக்கெட்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். பார்க்கக்கூடாது என்ற வீம்பு.

ஒருமுறை சின்னவள் அந்தப் படங்களில் என்னைக் காணாமல் கேட்டாள்: "அப்பா, நீங்களும் போனீங்களா?"

அடுத்த பயணத்தில், மலை ஏறும் நாள் காலையில், ஒரு பொய் சொன்னேன்.

"அண்ணை, தலை வெடிக்குது. காலமை ஓட்டத்தை நீங்கள் பாக்கேலுமே?"

"அதுக்கென்ன. குளிசை போட்டனியே?"

மலையடியில் அவருடைய நாலரை மணித்தியாலம் முடிந்தது. ஓய்வுக்கு நின்றால் மேலே சனம் பார்க்க வந்த பனிக்குகையைப் பூட்டிவிடுவார்கள். இனி நான்தான் ஓடவேண்டும். நான் போட்ட கணக்கும் அதுதான்.

"தலையிடி போயிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"கெட்டிக்காரத் தலையிடி," என்று சொல்லித் கோச் திறப்பைத் தந்தார்.

ஆறாவது வளைவில் மேலேயிருந்து உள்ளூர் பஸ் ஒன்று இறங்கியது. எங்களுடையது லண்டன் கோச், சாரதி வலப்பக்கம் இருப்பான். அங்கே றோட்டிலும் வலப்பக்கம்தான் ஓடவேண்டும். எனக்குப் பள்ளம் நன்றாகத் தெரிந்தது. இடப்பக்கத்தில் பஸ் எவ்வளவு கிட்ட என்பது தெரியவில்லை. நடுவிலேயே பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டேன்.

பின்னால் படுத்திருப்பார் என்று நான் நினைத்த ஜெயம் அண்ணை, முன்னால் இடது வாசலோரக் குட்டிச் சீற்றில் இருந்தார். கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சொன்னார்: "வா தம்பி... இன்னும் ஒரு சாண் கிடக்கு... நில். இப்ப போ."

பஸ் கடந்து போனது.

"நீங்கள் ஓடேக்க உங்களுக்கு ஆர் அண்ணை இடப்பக்கம் பாக்கிறது?"

"ஆர் பாக்கிறது? நீ நித்திரையெல்லே."

உச்சியில் என்னோடும் படம் எடுத்தார்கள். சின்னவளுக்கு நான் அதைக் காட்டவில்லை. மலையில் நான் கண்டது றோட்டின் வெள்ளைக்கோடு மட்டும்.

அடுத்த பயணத்திலிருந்து மலை மீண்டும் அவருக்கு, குட்டிச் சீற் எனக்கு. "வாங்கோ அண்ணை, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டு போனபோதுதான் அந்தப் பனிப்பாறையை முதன்முதலாகப் பார்த்தேன். நீலமாக இருந்தது.

பயற்றம் பணியாரம் இன்னும் அவருக்குத்தான் போகிறது. இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. பொறாமை வந்தால் வரட்டும் பிள்ளைகளே. அதற்காக நித்திரை என்று நடித்துப் படுக்காதீர்கள். முன்னால் ஒருவர் தனியாக வளைவு எடுத்துக்கொண்டிருப்பார்.