தட்டில் மிஞ்சியது

வீரமுத்து மலேசியாவில் மந்தின் ஊர்ப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பில் இருபத்தேழு வருடம் தட்டு தூக்கி ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் கிளப், இந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குவது அவர் மனைவி புஷ்பவள்ளியின் வேலை. வெள்ளைச் சட்டையும் கையில் முக்கோண ரொட்டியுமாக அவர் நடந்து போவதை வேலி வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். ஒரு வாய் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளும் வேலையிலிருந்து நின்றாள். அதைக் கொண்டாட என்ன வேண்டும் என்று வீரமுத்து கேட்டார்.

"நீங்க தூக்கிட்டுப் போவீங்களே, அந்த கிளப் சாண்ட்விச். அதக் கொண்டாந்து எனக்கு வைக்கணும்."

"அவ்ளோதானா? நானே செய்றேன்லா."

வீறாப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கிளப் சமையலறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. ஜன்னலில் வாங்குவார், கொண்டுபோய் வைப்பார். போகும்போது கண் வழியில் இருக்கும். காலித் தட்டோடு திரும்பும்போதுதான் தட்டைப் பார்ப்பார்.

ஞாயிறு காலை மூன்று ரொட்டித் துண்டைச் சுட்டு ஓரம் வெட்டினார். அந்தத் தட்டுகளை நினைத்து நினைத்து உள்ளே அடுக்கினார்: சலாட் இலை, தக்காளி, வெள்ளரிக்காய், மறுபடியும் சலாட் இலை. நாலு பல்குச்சி குத்தி நாலாக வெட்டினார். பழைய வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கொண்டுவந்து வைத்தார். கிளப்பில் எல்லாரும் மிச்சம் வைப்பார்கள், இவளும் வைத்துவிடக் கூடாதே என்ற கவலை.

புஷ்பவள்ளி ஒரு கடி கடித்தாள். மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கா அந்தப் பெரிய மனுசனுங்க கார் எடுத்துட்டு வந்தானுங்க? ஆட்டுக்குப் போடற மாதிரி இருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் பார்த்ததெல்லாம் அவர்கள் ஒதுக்கி வைத்தவை. தின்றது எதுவும் தட்டில் திரும்பி வரவில்லையே. அதைச் சொன்னதும் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவளே எழுந்து போய் நேற்றைய கோழிப் பெரட்டலைச் சூடாக்கி, எலும்பை எடுத்துவிட்டு நடு அடுக்கில் வைத்தாள்.

"நீங்களும் உக்காருங்க."

"கிளப் சட்டை போட்டுக்கிட்டு உக்காரக் கூடாது புஷ்பா."

"இது என் கிளப்புலா. உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆளுக்கு இரண்டு துண்டு. மசாலா விரலில் வழிந்தது.

முடிந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து தட்டை எடுத்தார். நாலு பல்குச்சியைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இருபத்தேழு வருடத்தில் இப்படி ஒரு தட்டை அவர் எடுத்ததில்லை. கழுவத்தான் மனம் வரவில்லை.