கைக்குட்டை போட்ட நாற்காலி

தம்பானூரில் ஓட்டல் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. ஊரில் கேசட் தேயத் தேயக் கேட்ட பாட்டுக்குழு ஓணம் வாரக் கச்சேரிக்கு வருகிறது என்றதும், லீவு போட்டுவிட்டுச் சாயங்காலமே மைதானத்துக்குப் போய்விட்டேன். எல்லோரும் குடும்பமாகவும் கூட்டாளிகளோடும் வந்திருந்தார்கள். எனக்குத் தனியாக உட்காரக் கூச்சம். யாருக்கோ இடம் பிடித்தவன் போலப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டேன்.

நடுத்தர வயதுப் பெண் ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். "இங்க ஆளுண்டா, தம்பி?"

"உண்டுக்கா. கூட்டுக்காரன் வருவான்."

சரியென்று அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு தொடங்கியது. இன்னொருவர் வந்து கைக்குட்டையை எடுக்கப் போனார். நான் வாய் திறக்குமுன் அக்காவே தடுத்தார். "அதுல ஆளுண்டு. தம்பிக்க கூட்டுக்காரன் இப்ப வரும்."

அதற்குப் பிறகு உண்மையை எப்படிச் சொல்ல? ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கிளம்பும்போது, "பாவம், அவனுக்குக் கேக்கக் குடுத்து வைக்கல்லியே" என்றார்.

அன்று என்னென்ன பாடினார்கள் என்று நினைவில்லை. அந்த ஊரில் எனக்குத் துணையாக வந்த முதல் ஆளை, கச்சேரி முடியும்வரை நிற்கவைத்துவிட்டேன்.