கூடுதலாக ரெண்டு குடம்

டீசல் புகை, மல்லிகைப்பூ, ஈர வாழையிலைக் கட்டு... மூன்றும் கலந்த ஒரு வாசனை. வலங்கைமானில் விடிகிற நேரத்தில் கிளம்பத் தயாராக நின்ற அந்த வேனை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் ஏறுகிறது.

ஓட்டியது யார்? நான்தான். தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அப்போது என் அளவுக்கு வேன் ஓட்ட ஆள் கிடையாது, நண்பர்களே. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் போக வேண்டும். சொந்தபந்தம் எல்லாம் ஏறியாயிற்று. மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா ரெண்டாம் உலகப் போரில் பர்மாவில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். குண்டு போட வந்த ஜப்பான்காரன், இவர் வளைவில் வண்டியைத் திருப்புகிற அழகைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போவான்... குறுக்கே புலி வந்தால் ஹாரன் அடித்து ஓரம் போகச் சொல்வார்...

சரி, புலி நான் சேர்த்தது. லாரி சத்தியம்.

இன்னொன்றும் சத்தியம். நடுவில் அவர் இறந்துவிட்டதாக ஊருக்குச் செய்தி வந்து, கருமாதியே செய்துவிட்டார்கள். பெரியம்மா மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றிருக்கிறார். யார் வந்து பேசியும் அசையவில்லை. சண்டை முடிந்ததும் பெரியப்பா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

கூடப் போன ரெண்டு பேர் வரவில்லை. வேதாரண்யம் கோவிந்தசாமி, கூத்தாநல்லூர் ஹமீது. மூவரும் ஒரே லாரி.

ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொன்னது அதைத்தான்.

"அவனுங்க இருபத்தஞ்சு வயசக்கூடத் தாண்டல. எனக்கு மட்டும் என்னடா மாலை? நான் வரல. வண்டிய ஓரங்கட்டு."

சித்தப்பா கெஞ்சினார். அத்தை திட்டினார். முகூர்த்தம் போய்விடும் என்று ஆளாளுக்குப் பதறினார்கள். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

பெரியம்மா இறங்கி வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"செத்துட்டீங்கன்னு ஊரே அழுதப்பவே இதக் கழட்டாதவ நான். உசுரோட உக்காந்திருக்கறப்ப உட்டுடுவேனா? அந்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு குடம் வைக்கச் சொல்றேன். அவங்க பங்குத் தண்ணியும் உங்க தலையிலதான். ஏறுங்க."

ஏறினார்.

மந்திரம் சொல்லி வைத்த கலசத் தண்ணீரைத் தம்பதி தலையில் சொந்தக்காரர்கள் ஊற்றுவார்கள் இல்லையா... அதில் கூடுதலாக ரெண்டு குடம் என்றதும் குருக்கள் தயங்கினார். அப்படி ஒரு வழக்கம் இல்லையேம்மா என்றார்.

"இன்னைலேர்ந்து வச்சுக்குங்க சாமி" என்றார் பெரியம்மா.

அந்த ரெண்டு குடத்தையும் ஊற்றியவன் அடியேன். அவ்வளவு கூட்டத்தில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கோவிந்தசாமி குடத்துக்குப் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததைத் தூக்கியபோது நிமிர்ந்து பார்த்தார்.

"ஹமீதோடதா? மெதுவா ஊத்துடா. அவன் குளிர் தாங்கமாட்டான்."

போன மாதம் எனக்கு எழுபது. அதே ஊர், அதே கோயில். இப்போது எல்லாம் பேக்கேஜ்... ட்ரோன், வீடியோ, டிபன், குடம் வரைக்கும். இன்னும் ரெண்டு குடம் வேண்டும் என்றேன். பேக்கேஜில் வராது சார் என்றார் மேனேஜர்.

நான் நகரவில்லை. முகூர்த்தம் போனாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

குடம் வந்தது. என் மகன்தான் ஊற்றினான். ரெண்டாவதை மட்டும் மெதுவாக ஊற்றச் சொன்னேன்.